பழைய படங்களில் தமிழ்நாடு: பெயர் உள்ளவர்களும் பெயர் இல்லாதவர்களும்

(பொன்விழாக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டின் வரலாற்றைப் பழைய ஓவியங்கள், புகைப்படங்கள் வழியாகச் சொல்ல வேண்டும் என்று செயலவை எங்கள் இளைஞர் பிரிவிடம் கேட்டுக்கொண்டது. நாங்கள் வரலாற்றுப் பேராசிரியர்கள் அல்ல. கடையிலும் அலுவலகத்திலும் இருப்பவர்கள். சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி உட்கார்ந்து படங்களைப் பார்த்தோம், அவற்றைப் பற்றிப் படித்தோம். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் எங்கள் மனத்தில் தைத்தது. அந்தப் படங்களில் கோபுரத்துக்குப் பெயர் இருக்கிறது, கோட்டைக்குப் பெயர் இருக்கிறது, நவாபுக்கும் ராஜாவுக்கும் பெயர் இருக்கிறது. மற்ற மக்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. இன்று உங்கள்முன் வைக்க வந்திருப்பது இந்த ஒரு செய்தியைத்தான்.

கேமரா வருவதற்கு முன்

முதலில் ஓவியங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியர்கள் சென்னைக்கு வரத் தொடங்கினார்கள். 1769இல் டில்லி கெட்டில் என்ற ஆங்கில ஓவியர் வந்தார். சில ஆண்டுகள் கழித்து ஜார்ஜ் வில்லிசன் வந்தார். இருவரும் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவை வரைந்தார்கள். இன்றும் சேப்பாக்கத்தில் நிற்கிறதே, அந்த அரண்மனையைக் கட்டியவர் அவர். ஆளுயரப் படங்கள் அவை. வெண்ணிற அங்கி, முத்துமாலைகள், கையில் வாள். இந்தப் படங்களை நவாப் இங்கிலாந்துக்கு அன்பளிப்பாக அனுப்பினார். கும்பெனி அதிகாரிகளிடம் அவர் பட்டிருந்த கடன் கொஞ்சநஞ்சமல்ல. கடன் கழுத்தை நெரிக்கும்போதும், ‘நானும் ஒரு அரசன்’ என்று லண்டனுக்குச் சொல்ல அவருக்கு அந்தப் படம் தேவைப்பட்டது. 1795இல் அவர் மறைந்தார். அவருடைய அடக்கத்தலம் திருச்சி நத்தர்வலி தர்காவில் இருக்கிறது. தமிழ் மண்ணில் வரையப்பட்ட ஐரோப்பிய பாணி ஓவியங்களில் பெயரோடு நிற்கும் முஸ்லிம்களில் முதன்மையானவர் அவர்தான்.

அடுத்து வந்தவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும். 1792இலும் 1793இலும் இருவரும் தென்னாட்டைச் சுற்றினார்கள். திப்பு சுல்தானோடு கும்பெனி நடத்திய மூன்றாவது மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. படை போன வழியில் ஓவியர்களும் போனார்கள். திருச்சி மலைக்கோட்டையையும் மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையையும் வரைந்தார்கள். லண்டன் திரும்பிய பிறகு 1795 முதல் 1808 வரை 144 படங்களை அச்சிட்டு வெளியிட்டார்கள். அந்தப் படங்களில் மலையும் கட்டடமும் பெரிதாக இருக்கும். மனிதர்கள் எறும்பு அளவில், பக்கத்தில் இருக்கும் கட்டடம் எத்தனை உயரம் என்று காட்டுவதற்காக நிற்பார்கள்.

நம் ஊர் ஓவியர்கள் என்ன செய்தார்கள்? தஞ்சாவூர் ஓவியர்கள் கும்பெனி அதிகாரிகளுக்காக ஒரு புது வகையை உருவாக்கினார்கள். ஒரு தாளில் ஒரு கணவன், ஒரு மனைவி, அவர்கள் செய்யும் தொழிலுக்கான கருவி. நெசவாளி, குயவர், வண்ணார், சிப்பாய், பக்கீர் என்று தொகுப்புத் தொகுப்பாக வரைந்து விற்றார்கள். திருச்சியில் காக்காப்பொன் தகட்டில் சிறு சிறு படங்களாக வரைந்தார்கள். ஊருக்குத் திரும்பும் ஆங்கிலேயர் பெட்டியில் வைத்துக்கொண்டு போக வசதியாக இருந்தது. இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன. ஆடை, நகை, தலைப்பாகை எல்லாவற்றையும் எவ்வளவு நுணுக்கமாக வரைந்திருக்கிறார்கள்! படத்தின் அடியில் எழுதியிருப்பது அந்த மனிதரின் பெயர் அல்ல, சாதியும் தொழிலும்தான்.

இதே தஞ்சாவூரில் வேறு மாதிரியும் நடந்தது. 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் வைத்தியத்தில் ஆர்வம் உள்ளவர். அவருடைய தன்வந்தரி மகாலில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது. நோயாளியின் கண்ணை ஓவியர்களைக் கொண்டு அப்படியே வரையச் செய்து, நோய் என்ன, என்ன சிகிச்சை செய்தார்கள் என்ற குறிப்பையும் எழுதிவைத்தார்கள். சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் அவை இருக்கின்றன. தஞ்சை ஓவியத் தூரிகைகள் ஒரு பக்கம் ‘நெசவாளி’ என்ற வகையை வரைந்தன, இன்னொரு பக்கம் இன்ன நோயோடு வந்த இன்ன மனிதரின் கண்ணை வரைந்தன. படத்தோடு குறிப்பு சேர்ந்தால் அதன் மதிப்பே வேறு.

மாட்டு வண்டியில் வந்த கேமரா

புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கினார். பிறகு அங்கே புகைப்படமும் கற்றுக்கொடுத்தார்கள். 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கமே ஏற்பட்டுவிட்டது.

அந்தக் காலத்தில் நம் ஊர்களைப் படமெடுத்தவர்களில் தலையானவர் லின்னேயஸ் ட்ரைப். கும்பெனிப் படையில் கேப்டன். சென்னை மாகாண அரசு அவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். சாமான்கள் எல்லாம் மாட்டு வண்டியில். கைப்பேசியில் தட்டினால் படம் விழும் காலத்தில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். அவருக்கு ஃபிலிம் கிடையாது. மெழுகு ஏற்றிய பெரிய காகிதத்தில் ரசாயனம் பூசி அதையே நெகட்டிவ் ஆக்கினார். வெயிலும் புழுக்கமும் காகிதத்தைக் கெடுக்கும். வானம் வெறும் வெள்ளையாக விழும். அதனால் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகத்தை வரைந்து சேர்த்தார். புகைப்படம் என்று நாம் நினைப்பதிலும் பாதி ஓவியம் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டினார். நீளம் ஏறத்தாழ 19 அடி. அறிஞர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே படிப்பதற்காக எடுத்த படம் அது. திருமலை நாயக்கர் அரண்மனையை அவர் எடுத்த படங்களில் அது இடிபாடாக நிற்கிறது. அதற்குப் பிறகு ஆளுநர் நேப்பியர் காலத்தில்தான் செப்பனிட்டார்கள். செப்பனிடுவதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு இன்று அந்தப் படங்களே சாட்சி.

ஆனால் ட்ரைப்பின் படங்களில் தெரு காலியாகவே இருக்கும். மதுரை போன்ற ஊரில் தெரு காலியாக இருக்குமா? ஒரு படம் பதிய வெகு நேரம் பிடித்தது. அசையாத கல் பதிந்தது. நடந்து போன மனிதர்கள் பதியவில்லை. தண்ணீர்க் குடம் சுமந்து போனவர், பூ விற்றவர், தொழுகைக்குப் போனவர் எல்லாரும் அந்தப் படத்துக்குள் இருந்தார்கள், கரைந்து போனார்கள்.

அதே பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் வெட்டிவைத்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயில் பணிக்காக வெவ்வேறு ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 பெண்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்றுகூட இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உளியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பெயரையும் விலாசத்தையும் பதிந்துவைத்தார்கள். கேமரா வந்த பிறகு அது நடக்கவில்லை.

ட்ரைப்பின் வேலையும் நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யான், அரசாங்கத்தின் பண நிலைக்கு இது தாங்காத ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார்.

பஞ்சமும் பட்டியலும்

அடுத்து வரும் படங்களைப் பார்க்க மனத்தைரியம் வேண்டும். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் சுற்றுவட்டாரத்திலும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற படை அதிகாரி அப்போது படமெடுத்தார். எலும்பும் தோலுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்து எடுத்த படங்கள். தாய் மடியில் குழந்தை, இரண்டு பேருக்கும் விலா எலும்பை எண்ணலாம். படத்துக்குக் கீழே, இவர்கள் இலவச நிவாரணம் பெறத் தகுதியானவர்கள் என்ற மாதிரிக் குறிப்பு. ஊர் இல்லை, பெயர் இல்லை. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கூலி வேலைக்குக் கப்பல் ஏறியவர்களில் எத்தனையோ பேரைத் துரத்தியது இந்த மாதிரிப் பஞ்சங்கள்தான். அந்தப் படத்தில் உட்கார்ந்திருப்பவர் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் பாட்டனாராக இருந்தாலும் அறிந்துகொள்ள இனி வழியில்லை.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசாங்கத்துக்கு மக்களை வகை பிரித்து வைத்துக்கொள்ளும் ஆசை அதிகமாயிற்று. 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்று எட்டுத் தொகுதிகளாகப் புகைப்பட நூல் வந்தது. அதில் பெரும்பகுதி வடநாடு. தென்னாட்டுக்கு, சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். தர்ஸ்டன் அளவுகோலை வைத்து மூக்கையும் மண்டையையும் அளந்தவர். மரக்காயர், லெப்பை, ராவுத்தர் பற்றியெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. சில தகவல்கள் பயனுள்ளவையும்கூட. என்றாலும் அந்த நூலில் நாம் ஒரு வகை, ஒரு மாதிரி.

இதே பழக்கம் கடல் தாண்டி இங்கேயும் வந்தது. சிங்கப்பூரில் லாம்பர்ட் கம்பெனி போன்ற ஸ்டூடியோக்கள் எடுத்து விற்ற படங்களிலும், பிறகு வந்த அஞ்சலட்டைகளிலும் நம்மவர்களுக்கு ‘கிளிங்’ என்றுதான் தலைப்பு. இன்று காதால் கேட்கச் சகிக்காத சொல். படத்தில் நிற்பவர் கம்பீரமாக நிற்கிறார். அவருடைய வாப்பா வைத்த பெயரை யாரும் கேட்டு எழுதவில்லை.

நம் கரை ஊர்கள்

நாகூர், நாகப்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் என்று நம் கரை ஊர்கள் இந்தத் தொகுப்புகளில் ஏன் அதிகம் இல்லை? காரணம் லேசானது. அரசுப் புகைப்படக்காரர் அரசாங்கத்துக்கு வேண்டியதை எடுத்தார். பெரிய கோயில், கோட்டை, அரண்மனை. கலெக்டர் கச்சேரியும் படை முகாமும் இருந்த ஊர்களுக்குப் போனார். கப்பல் வைத்து வாணிகம் செய்தவர்களின் ஊர் அவருடைய பாதையில் பெரும்பாலும் இல்லை.

இதனால் இழப்பு நமக்கு மட்டுமல்ல, தமிழ்நாட்டு வரலாற்றுக்கும்தான். கீழக்கரை பழைய ஜும்ஆ பள்ளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல் தூண்கள், கல் விதானம், பூ வேலைப்பாடு. தமிழ்க் கல்தச்சரின் கைவேலை, அதில் உருவச்சிலை மட்டும் இல்லை. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமான 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இந்த உறவுகளும் தமிழ்நாட்டின் கதைதானே?

நம் முன்னோர் அந்தக் கட்டடங்களின் நினைவைக் கப்பலில் இங்கே கொண்டுவந்தார்கள். தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா எழுந்தது. சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளி எழுந்தது. சார்லஸ் டைஸ் என்பவர் 1840களின் தொடக்கத்தில் மாரியம்மன் கோயிலையும் சூலியா பள்ளியையும் ஒரே நீர்வண்ணப் படத்தில் வரைந்திருக்கிறார். கரை ஊர்களில் அரசுக் கேமரா எடுக்காமல் விட்டதன் சாயலை இங்கே ஒரு தூரிகை பிடித்துவைத்திருக்கிறது.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் வரலாறு

இதுவரை சொன்னது மற்றவர்கள் எடுத்த படங்கள். இனி நாமே எடுத்துக்கொண்ட படங்கள்.

இருபதாம் நூற்றாண்டில் ஸ்டூடியோ சிற்றூர்களுக்கும் வந்தது. பின்னால் ஓவியத் திரை. அதில் மாளிகைத் தூண், பூந்தோட்டம், சில சமயம் ஆகாய விமானம். முன்னால் ஒரு முக்காலி, அதன்மேல் பூச்சாடி. கைலியும் கோட்டும் துருக்கித் தொப்பியுமாக ஒருவர். ஊருக்கு அனுப்ப இங்கே எடுத்தது ஒன்று, சபருக்குப் புறப்படுமுன் ஊரில் எடுத்தது ஒன்று. ரஜூலா கப்பல் 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியதே, அந்தக் கப்பலில் வந்தவர்களின் டிரங்குப் பெட்டியில் இப்படி ஒரு படமாவது இருந்திருக்கும். மலாயாவில் 1948இல் அவசரகாலம் வந்தபோது புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை வந்தது. வாழ்நாளில் முதல் முறையாகக் கேமரா முன் உட்கார்ந்ததே அந்த ஐசிக்காகத்தான் என்று சொல்லும் மூத்தவர்கள் உண்டு.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்துவைத்திருக்கிறது. 1880 முதல் 1980 வரை எடுக்கப்பட்டவை. ஸ்டூடியோக்கள் மூடப்படும்போது நெகட்டிவ்கள் குப்பைக்குப் போகின்றன, கண்ணாடித் தகடுகள் உடைகின்றன. யாராவது முனைந்தால்தான் மிஞ்சும்.

இந்த மலருக்காக நாங்களும் முனைந்தோம். உறுப்பினர் வீடுகளில் படம் கேட்டுப் போனோம். பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துத் தந்தார்கள், அலமாரி அடியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். சங்கத்தின் முதல் ஆண்டு விழாப் படம் ஒன்று கிடைத்தது. அதில் 23 பேர். மூத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினோம். 15 பேருக்குப் பெயர் கிடைத்தது. ‘இவர் நம்ம கிட்டங்கியில இருந்தவர்தான், நல்ல மனுஷன், பெயர் வாயில வரமாட்டேங்குது’ என்றார் ஒருவர். எட்டுப் பேர் இன்னும் பெயரில்லாமல் நிற்கிறார்கள். வெள்ளைக்காரன் எழுதாமல் விட்டதற்கு அவனைச் சொல்லலாம். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நம் சொந்தப் படத்துக்கு யாரைச் சொல்வது?

சரக்கு வியாபாரம் செய்பவர்களுக்கு இது புரியும். மூட்டையில் மார்க்கா இல்லையென்றால், உள்ளே ஏலக்காய் இருந்தாலும் அது கேட்பாரற்ற சரக்குதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உருவப்படம் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. படத்தைச் சுவரில் மாட்டாத வீடுகள் நம்மில் நிறைய. அந்தப் பேணுதலை மதிக்கிறோம். அதனால்தான் பல வீடுகளில் உம்மாமார், பாட்டிமார் படமே இல்லை. இங்கே கடை வைத்த ஆணுக்கு நான்கு படம் இருக்கும். ஊரில் பத்து வருஷம் தனியாக இருந்து வீட்டைக் கட்டிக் காத்து, பிள்ளைகளை ஓத வைத்து, கடிதம் எழுதச் சொல்லிக் கேட்டு அனுப்பிய பெண்ணுக்கு ஒரு படமும் இருக்காது. படம் இல்லாதது அவர்களுடைய விருப்பம். பெயரும் இல்லாமல் போவதை அவர்கள் விரும்பினார்கள் என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள்.

வீட்டில் உள்ள பழைய படங்களை வெளியே எடுங்கள். பின்பக்கம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும், மை ஊறும். இடமிருந்து வலமாகப் பெயர், தகப்பனார் பெயர், ஊர், எந்த ஆண்டு, எங்கே எடுத்தது. ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் ‘மூத்த மகள் கல்யாணத்துக்கு முன்’ என்றாவது எழுதுங்கள். அட்டையில் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள், ஊரும் காலமும் அதிலிருந்தே தெரியவரும். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டும் படத்தைத் தின்றுவிடும். ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐயில் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது பார்ப்பதற்கு ஆகும், பாதுகாப்பதற்கு ஆகாது.

படம் இல்லாதவர்களுக்கு ஒரு தாள் எடுங்கள். உம்மாவின் உம்மா பெயர், அவருக்கு உம்மா பெயர், பிறந்த தெரு, அவர்கள் சமைத்ததில் பேர்பெற்றது, அவர்கள் ஓதிக்கொடுத்த பிள்ளைகள் என்று தெரிந்ததை எழுதுங்கள். அந்தத் தாளைப் படங்களோடு சேர்த்துவையுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது செல்ஃபி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்னாவையும் ராத்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பழைய படத்தை ஒவ்வொன்றாகக் காட்டி ‘இது யாரு?’ என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள். படம் இன்னும் நூறு வருஷம் கிடக்கும். அதில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் அடுத்த விடுமுறை வரை இருப்பாரா என்பது இறைவன் கையில்.

அந்த 23 பேர் படம் மண்டப வாசலில் பெரிதாக வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் நோட்டும் பென்சிலும் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் போகும் வழியில் தயவுசெய்து நின்று பாருங்கள். மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர், கண்ணாடி போட்டவர், அவரிடமிருந்து தொடங்குங்கள்.